கார் ஓட்டாத மனிதர் தந்த க்ரூஸ் கண்ட்ரோல்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் சில படங்கள் அனுப்பியிருந்தான். 1957-ஆம் ஆண்டு செவ்ரோலெட் பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, விடுமுறை நாட்களில் தானே பழுது பார்த்து வருகிறானாம். அதன் பழைய ஸ்டியரிங் தண்டைக் கழற்றிவிட்டு, பிற்காலத்து வண்டியின் தண்டைப் பொருத்தியிருக்கிறான். கூடவே க்ரூஸ் கண்ட்ரோலும் வைத்திருக்கிறான். "இதுக்கெல்லாம் ஒரு வரலாறு இருக்குமே, சொல்லுங்க சார்" என்று கேட்டான். வாத்தியாரிடம் இப்படிக் கேட்டால் விடுவேனா!

முதலில் ஸ்டியரிங் தண்டு. அந்தக் கால வண்டிகளில் முன்சக்கரத்தைத் திருப்பும் பெட்டியிலிருந்து ஓட்டுநரின் நெஞ்சுக்கு நேராக ஒரே நீள இரும்புத் தண்டு வரும். நேருக்கு நேர் மோதினால் முன்பக்கம் நசுங்கும். தண்டு பின்னால் தள்ளப்பட்டு ஓட்டுநரின் மார்பில் ஈட்டி போல இறங்கும். வண்டி உடையாமல் இருக்க வேண்டும் என்று யோசித்தவர்கள், உள்ளே இருப்பவரைப் பற்றி யோசிக்கவில்லை. 1965-இல் ரால்ஃப் நாடர் எழுதிய நூல் இதையெல்லாம் மக்கள் முன் வைத்தது. 1966 செப்டம்பரில் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1967 மாடல் கார்களில், மோதினால் மடங்கிச் சுருங்கும் தண்டை வைத்தது. அதன் வெளிக்குழாய் வலை போன்றது. அடி விழுந்தால் அது நசுங்கி வேகத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். 1968 முதல் புதிய கார்களுக்கு இது விதியானது. சிறிய லாரி, பிக்கப்களுக்கு அந்த விதி வர 1981 ஆயிற்று.

என் மாணவனின் வண்டியில் தண்டும் ஸ்டியரிங் பெட்டியும் ஒரே துண்டாக இருந்ததால், பெட்டியையும் மாற்றி, இரண்டையும் மூட்டு வைத்து இணைக்க வேண்டியதாயிற்று. புதிய தண்டின் இண்டிகேட்டர் கம்பி நுனியில் ஒரு பொத்தான். அதுதான் க்ரூஸ் கண்ட்ரோல். அதை அமுக்கினால் வண்டி அதே வேகத்தில் போகும். பிரேக்கைத் தொட்டதும் விட்டுவிடும். பிரேக் மிதியில் உள்ள ஸ்விட்ச் சரியாக வேலை செய்கிறதா என்று இரண்டு முறை சோதித்துப் பார்க்கச் சொன்னேன். "பார்த்துட்டேன் சார்" என்றான்.

இனிதான் நான் சொல்ல வந்த கதை. க்ரூஸ் கண்ட்ரோலைக் கண்டுபிடித்தவர் ரால்ஃப் டீட்டர். அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது.

1890-இல் பிறந்தவர். ஊர் ஹேகர்ஸ்டவுன், அதே இண்டியானா மாநிலம். ஐந்து வயதில் கத்தி பட்டு ஒரு கண் போனது. சீக்கிரமே மற்றொன்றும் போனது. ஆனால் பெற்றோர் அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை. குடும்பப் பட்டறையில் விரலால் தடவித் தடவி இயந்திரங்களைப் படித்தார். பன்னிரண்டு வயது வாக்கில் உறவுக்காரப் பையனோடு சேர்ந்து ஒரு மோட்டார் வண்டியே செய்துவிட்டார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1912-இல் பொறியியல் பட்டம் பெற்றார். முதல் உலகப்போர் சமயத்தில், போர்க்கப்பல் டர்பைன்களின் சுழலும் பாகத்தை அதிராமல் சமன் செய்வது பெரிய தலைவலி. கண்ணுள்ளவர்கள் திணறிய அந்த வேலையை அவர் தொட்டுணர்ந்தே முடித்துக் கொடுத்தார். பின்னாளில் பிஸ்டன் ரிங் செய்யும் பெர்ஃபெக்ட் சர்க்கிள் கம்பெனியின் தலைவரானார். 1936-இல் அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கத்துக்கே தலைவராக இருந்தார்.

அவருடைய வழக்கறிஞர் ஹாரி லிண்ட்சே அவரைக் காரில் அழைத்துப் போவாராம். பேசும்போது வேகம் குறையும், கேட்கும்போது கூடும். முன்னும் பின்னும் குலுங்கும் அந்த ஓட்டத்தைக் கண்ணுள்ளவர்கள் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். டீட்டரின் உடம்பு அதைக் கணக்கு வைத்துக்கொண்டது. போர்க்காலத்தில் பெட்ரோலையும் டயரையும் மிச்சப்படுத்த மணிக்கு 35 மைல் என்று வேகவரம்பு வைத்ததும் அவர் எண்ணத்துக்கு வலு சேர்த்தது. 1950-இல் காப்புரிமை கிடைத்தது. வேகத்தை அளக்க ஒரு சுழலும் கவர்னர். குறித்த வேகத்தைத் தாண்டினால் ஆக்சிலரேட்டர் மிதி காலை எதிர்த்துத் தள்ளும். ஓட்டுநர் முள்ளைப் பார்க்க வேண்டாம், காலே சொல்லிவிடும். 1958 மாடல் கிறைஸ்லர் இம்பீரியல் காரில் அது விற்பனைக்கு வந்தது. 1982-இல் அவர் மறைந்தார். தான் உருவாக்கிய கருவியைத் தானே ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இருந்ததே இல்லை.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையனுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. ஆனால் காது கூர்மை. ஜன்னலுக்கு வெளியே கியர் மாற்றும் சத்தத்தை வைத்தே எந்த பஸ் வருகிறது என்று சொல்லுவான். ஒரு முறைகூடத் தப்பியதில்லை. நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அவன் அப்பா வந்து, "என்ன சார் செய்யலாம்?" என்று கேட்டார். "கரும்பலகையே தெரியலையே, வீட்டிலேயே பத்திரமா வச்சுக்கோங்க" என்று சொல்லி அனுப்பினேன். நல்லதுதான் சொன்னேன் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. பார்வையற்றோர் பள்ளி எங்கே இருக்கிறது என்று விசாரித்துச் சொல்ல ஒரு தபால் அட்டை போதும். அதைக்கூட நான் செய்யவில்லை.

ஆசிரியர் பயிற்சியில் எனக்குக் கரும்பலகையில் எழுதக் கற்றுக் கொடுத்தார்கள். அதைப் பார்க்க முடியாதவனுக்கு என்ன செய்வது என்று நானாவது கேட்டிருக்க வேண்டும்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்களாகவும் பெற்றோராகவும் இருக்கிறீர்கள். ஒரு குழந்தைக்கு எது முடியாது என்று சொல்வதற்கு முன், அதற்கு எது முடிகிறது என்று ஒரு வாரமாவது கவனியுங்கள். அந்தப் பையனோடு படித்தவர்கள் இதைப் படித்தால் யார் என்று உங்களுக்கே தெரியும். பெயரை இங்கே எழுத வேண்டாம். எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

வாழ்க வளமுடன்.