லிண்டி ஹாப்: யார் வைத்த பெயர்?

ஜாஸ் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு யாருடைய வாசிப்பு, எந்த இசைத்தட்டு, எந்த ஆட்டம் என்று மூன்று பக்கமும் இழுபடும். லிண்டி ஹாப் என்று ஒருவர் சொல்லிவிட்டால் மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடும். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1920களின் கடைசியில் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கிய ஜோடி நடனம் அது. கைகோத்து நெருங்கி நிற்கும் இருவர், எட்டு எண்ணிக்கைக்குள் விலகி ஓடி மறுபடி வந்து சேர்வார்கள். விலகி நிற்கும் அந்தச் சில நொடிகளில் அவரவர் கால் அவரவர் இஷ்டம். ஆட்டத்தின் உயிரே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

பெயரில் உள்ள லிண்டி மட்டும் ஹார்லெமைச் சேர்ந்தவர் அல்ல. சார்லஸ் லிண்ட்பெர்க் என்ற வெள்ளைக்கார விமானிக்குப் பத்திரிகைகள் வைத்த செல்லப்பெயர் அது. 1927 மே 20 காலையில் நியூயார்க் பக்கத்திலிருந்து கிளம்பி, தன்னந்தனியாக முப்பத்துமூன்றரை மணி நேரம் பறந்து, மறுநாள் இரவு பாரிஸில் இறங்கினார். உலகமே அவர் பெயரைச் சொன்னது.

அந்தப் பெயர் ஆட்டத்துக்கு வந்த கதையைப் பெரும்பாலோர் இப்படித்தான் சொல்வார்கள். 1928 ஜூனில் ஹார்லெமின் மன்ஹாட்டன் கேசினோ அரங்கில் ஒரு மாரத்தான் நடனப் போட்டி நடந்தது. இரவு பகலாக, நாள்கணக்கில் ஆட வேண்டும். ஷார்ட்டி ஜார்ஜ் என்று எல்லோரும் அழைத்த ஜார்ஜ் ஸ்னோடன் அதில் மேட்டி பர்னெலோடு ஆடினார். ஆள் சுமார் ஐந்தடி உயரம்தான், கால்களில் மின்னல். துணையை விட்டு விலகி அவர் போட்ட அடிகளைப் பார்த்து அசந்துபோன செய்திக்காரர் ஒருவர், இது என்ன ஆட்டம் என்று கேட்க, ஸ்னோடன் லிண்டி என்று பதில் சொன்னாராம். மார்ஷல், ஜீன் ஸ்டேர்ன்ஸ் தம்பதி 1968இல் வெளியிட்ட ‘ஜாஸ் டான்ஸ்’ நூல் வழியாகக் கதை ஊரெல்லாம் பரவியது.

கதை அழகாக இருக்கிறது. ஆனால் இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் இதற்கு எதிராக ஒரு சாட்சி வைத்திருக்கிறார்கள். டெ ராய் வில்லியம்ஸ் குழு பதிவுசெய்த ‘லிண்ட்பெர்க் ஹாப்’ என்ற தட்டுதான் அது. பதிவான நாள் 1927 மே 25. விமானம் பாரிஸில் இறங்கி நாலே நாள்! மாரத்தான் போட்டிக்கு ஓராண்டுக்கும் மேல் முன்னால்.

ஒரு தட்டின் தேதியை இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்ல முடிகிறது என்று கேட்கலாம். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அந்தக் காலத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் போலப் பாட்டு. பாட்டின் வரிப்பள்ளங்கள் முடிந்து, நடுவிலுள்ள காகித லேபிள் தொடங்குவதற்கு முன் வழுவழுப்பான ஒரு வளையம் இருக்கும். விளக்கின் கீழ் தட்டைச் சாய்த்துப் பிடித்தால் பல தட்டுகளில் அந்த வளையத்தில் சில எண்கள் தெரியும். ஒவ்வொரு பதிவுக்கும் கம்பெனி கொடுத்த வரிசை எண் அது. கம்பெனியின் பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடினால் நாளும் குழுவும் கிடைத்துவிடும். மனிதரின் ஞாபகத்தை விட எனக்கு இந்த எண்களின் மீது நம்பிக்கை அதிகம்.

1928 செப்டம்பரில் மெம்பிஸ் நகரத்தின் மெம்பிஸ் ஜக் பேண்ட், குடுவையின் வாயில் ஊதித் தாழ்ந்த சுரம் எழுப்பும் அந்தத் தெருக்குழு, ‘லிண்ட்பெர்க் ஹாப்’ என்ற பெயரிலேயே வேறொரு பாட்டைப் பதிவுசெய்தது. ஆக, லிண்டியும் ஹாப்பும் 1927 மே மாதத்திலிருந்தே ஊர்வாயில் ஒட்டிக்கொண்டு திரிந்த சொற்கள். ஸ்னோடன் அந்தப் பெயரைப் படைத்தார் என்று சொல்வதை விட, அலைந்துகொண்டிருந்த பெயரைப் பிடித்து அதற்குத் தகுந்த ஓர் ஆட்டத்தின் மேல் உட்காரவைத்தார் என்று சொல்வதே பொருத்தம். அது சின்னச் சாதனையும் அல்ல. விமானியின் பெயரில் அப்போது வந்த மற்ற ஆட்டங்கள் இன்று யார் நினைவிலும் இல்லை.

‘ஹாப்’ ஏன் சேர்ந்தது? ஆங்கிலத்தில் அதற்குக் குதி, தத்து என்பது பொருள். 18ஆம் நூற்றாண்டிலிருந்தே சாதாரண நடன விருந்துக்கும் அந்தப் பெயர் உண்டு. விமானம் வந்த பிறகு, தரையிலிருந்து கிளம்புவதையும் ஒரே மூச்சில் பறந்து கடப்பதையும் பத்திரிகைகள் அதே சொல்லால் எழுதின. ஒரே சொல் வானத்திலும் நடனத்தரையிலும் புழங்கிக்கொண்டிருந்தபோது லிண்ட்பெர்க் கடலைத் தாண்டினார். பாட்டுக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

லிண்ட்பெர்க் என்பதும் பரம்பரையாக வந்த பெயர் அல்ல. விமானியின் தாத்தா ஓலா மான்சன் சுவீடன் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். பண விவகாரக் குற்றச்சாட்டில் சிக்கி 1859இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது ஆகஸ்ட் லிண்ட்பெர்க் என்று பெயரை மாற்றிக்கொண்டார். லிண்ட் என்பது ஒரு மரம், பெர்க் என்பது மலை.

இந்த இடத்தில் என் மனம் கசந்துபோகிறது. அதே விமானி 1939இல் விமானத்தை வெள்ளை இனத்தைக் காக்கும் கருவியாகப் பேசிக் கட்டுரை எழுதினார். 1941இல் டெமாயின் நகரக் கூட்டத்தில், அமெரிக்காவைப் போருக்குள் தள்ளுகிறார்கள் என்று யூதர்கள் மீது பழி போட்டார். அந்த ஆண்டுகளில்தான் அவர் பெயர் கொண்ட ஆட்டம் சவாய் அரங்கில் உச்சத்தில் இருந்தது. 1926 மார்ச்சில் ஹார்லெமின் லெனாக்ஸ் அவென்யூவில் திறந்த சவாய், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடிய இடம். ஒரு குழு ஓய்ந்தால் மற்றது தொடங்கும்படி இரண்டு மேடைகள் போட்டிருந்தார்கள். வாசலில் எந்த நிறத்துக்கும் தடை இல்லை. ஆடத் தெரிகிறதா என்பதே அங்கே கேள்வி.

பெயரைத் தந்தவரை ஆட்டம் கண்டுகொள்ளவே இல்லை. 1935 வாக்கில் ஃபிராங்கி மேனிங் என்ற ஆட்டக்காரர் துணையை முதுகின் மேல் உருட்டித் தூக்கி எறிந்து இறக்கும் அடியைச் சவாயில் அரங்கேற்றினார். ஆட்டம் அப்போதுதான் உண்மையிலேயே பறந்தது. ஜிட்டர்பக் என்ற இன்னொரு பெயரும் அதற்கு வந்து ஒட்டியது. 1943இல் ‘லைஃப்’ இதழ் அட்டையில் போட்டது. 1958இல் சவாய் மூடியது. மேனிங் தபால் துறையில் வேலைக்குப் போய், பத்திருபது ஆண்டுகள் அல்ல, முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றார்.

1980களில் பழைய படச்சுருள்களைப் பார்த்து ஆட்டத்தின் மீது பித்துப் பிடித்த இளைஞர்கள், சவாயில் ஆடியவர்களைத் தேடிப் போய்க் கண்டுபிடித்தார்கள். அப்படித் தேடியவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் ஓலா மான்சன் விட்டு ஓடிய சுவீடனைச் சேர்ந்தவர்கள்! 1984இல் சவாய் ஆட்டக்காரர் அல் மின்ஸை ஸ்டாக்ஹோமுக்கு அழைத்துவந்து கற்றார்கள். பிறகு மேனிங்கையும் அழைத்தார்கள். ஹெரெங் என்ற சின்னக் கிராமத்தில் 1982இல் தொடங்கிய கோடைக்கால நடன முகாமுக்கு உலகமெங்குமிருந்து ஆட்டக்காரர்கள் போகிறார்கள்.

உலக லிண்டி ஹாப் தினம் என்று ஒரு நாளை அவர்கள் கொண்டாடுகிறார்கள். விமானம் கிளம்பிய மே 20 அல்ல, இறங்கிய 21உம் அல்ல. 1914இல் ஃபிராங்கி மேனிங் பிறந்த மே 26.