நாமக்கல் மண்ணும் நிலவின் தரையும்

பெரிய காரியம் எதனையும் மனிதன் ஒத்திகை பார்க்காமல் நிறைவேற்றியதில்லை. நமது மலைகளில் காமன் கூத்தாடும் இளைஞன், விழாவுக்குப் பல நாட்களுக்கு முன்பே லயத்து வாசலில் காலடி பழகத் தொடங்குகிறான். ஆழ்கடலுக்குச் செல்பவன் முதலில் கரையோர நீரில் நீந்திக் கற்கிறான். அவ்வாறாயின், காற்றும் நீரும் இல்லாத சந்திர மண்டலத்திற்கும், போய்வரப் பல மாதங்கள் பிடிக்கும் செவ்வாய்க் கிரகத்திற்கும் செல்ல விரும்பும் மனிதன் எங்கே ஒத்திகை பார்ப்பான்? அவனுக்கு வாய்த்திருக்கும் ஒத்திகை மேடை இந்தப் பூமி ஒன்றுதான். ஆகவே பூமியிலேயே ஒரு சந்திரனையும் ஒரு செவ்வாயையும் அவன் சமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த வரலாறு சுவையானது. மலையகத் தமிழராகிய நமக்கு அது சற்று நெருக்கமானதுங்கூட.

1967ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பிளாக்ஸ்டாப் நகருக்கு அண்மையில் உள்ள எரிமலைச் சாம்பல் வெளியொன்றில் வெடிமருந்து புதைத்து வெடித்தார்கள். வெடித்த இடங்களில் பெரிதும் சிறிதுமாக 47 பள்ளங்கள் தோன்றின. அவை மனம்போனபடி தோண்டப்பட்டவை அல்ல. சந்திரனைச் சுற்றிவந்த விண்கலங்கள் எடுத்த படங்களைப் பார்த்து, அங்குள்ள ஒரு நிலப்பகுதியை அளவு தப்பாமல் அமெரிக்கப் புவியியல் துறையினர் பூமியில் பிரதி செய்தார்கள். விண்வெளி வீரர்கள் அந்தப் பள்ளங்களிடையே நடந்தும், வண்டியோட்டியும், கற்களை இனங்கண்டும் பழகினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1969 ஜூலை 20ஆம் நாள், மனிதன் சந்திரனில் கால் வைத்தான். அந்தக் காலடிக்கு முன்னே ஆயிரமாயிரம் ஒத்திகைக் காலடிகள் பூமியின் சாம்பலில் பதிந்திருந்தன.

இந்தியா சந்திரனுக்கு ஊர்தி அனுப்ப முனைந்தபோது அதே தேவை எழுந்தது. சந்திரனின் மேற்பரப்பு மண் நமது வயல் மண் போன்றதன்று. கோடானுகோடி ஆண்டுகளாக விண்கற்கள் மோதி மோதி நொறுங்கிய பாறைத் தூள் அது. அதனைத் தேய்த்து மழுக்க அங்கே காற்றுமில்லை, மழையுமில்லை. எனவே அதன் துகள்கள் கூர் மழுங்காமல் கிடக்கின்றன. அத்தகைய தரையில் சக்கரம் எவ்வளவு புதையும், இறங்கும் கலத்தின் கால்கள் எப்படி ஊன்றும் என்பதை ஆற்றுமணலில் சோதித்து அறிய முடியாது. சந்திர மண்ணை ஒத்த செயற்கை மண்ணை அமெரிக்காவிலிருந்து வாங்கலாம். ஆனால் அதன் விலை கிலோ ஒன்றுக்கு 150 டாலர் அளவில் இருந்தது. தேவைப்பட்டதோ பத்துக்கணக்கான டன். கணக்குப் போட்டுப் பார்த்த விஞ்ஞானிகள் உள்நாட்டிலேயே தேடத் தொடங்கினார்கள்.

தேடியது தமிழ்நாட்டில் கிடைத்தது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் வெண்மை கலந்த ஒருவகைப் பாறை உண்டு. அனார்த்தொசைட் என்பது அதன் பெயர். ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் குழம்பாகக் கொதித்து இறுகிய பாறை அது. நிலவை அண்ணாந்து பார்க்கும்போது நம் கண்ணுக்கு ஒளிமிக்கதாகத் தெரியும் மேட்டுப் பகுதிகளும் பெரும்பாலும் இவ்வினப் பாறையினால் ஆனவையே. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியமைப்பியல் துறையினர், பேராசிரியர் அன்பழகன் முதலானோர், இப்பாறையை ஆராய்ந்தார்கள். திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகமும் பங்கு கொண்டது. பாறை உடைக்கப்பட்டது, அரைக்கப்பட்டது, வேண்டிய நுண்மைக்குச் சலிக்கப்பட்டது. பின்னர் பெங்களூருக்கு ஏற்றிச் செல்லப்பட்டு, ஒரு பெரிய கூடத்தில் பரப்பப்பட்டது. அங்கே சூரிய ஒளி சந்திரனில் விழும் விதமாக விளக்குகள் அமைக்கப்பட்டன. சந்திரனில் எடை ஆறில் ஒரு பங்காகக் குறையும் அல்லவா? அதற்காக, ஊர்தியை ஹீலியம் பலூனில் கட்டி, எடையைக் குறைத்து ஓட்டிப் பார்த்தார்கள். இந்த மண்ணைச் செய்யும் முறைக்கு 2020ஆம் ஆண்டில் இந்தியக் காப்புரிமையும் கிடைத்தது.

ஒத்திகை வெற்றிக்கு உத்தரவாதம் அன்று. 2019 செப்டம்பர் 7ஆம் நாள் சந்திரயான் இரண்டின் இறங்குகலம் கடைசி நிமிடங்களில் நெறி தவறி மோதியது. விஞ்ஞானிகள் பிழையை ஆராய்ந்து, திருத்தி, மறுபடியும் சோதித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23ஆம் நாள் சந்திரயான் மூன்று தென்துருவத்தை அண்டிய பகுதியில் பத்திரமாக இறங்கியது. அதன் ஊர்தி சுமார் 100 மீட்டர் தூரம் உருண்டு, 23 இடங்களில் மண்ணைச் சோதித்தது. அந்த மண்ணும் அனார்த்தொசைட் இனத்தின் சாயலையே காட்டியது. நாமக்கல் பாறை பொய் சொல்லவில்லை.

இதுவரை மண்ணைப் பற்றிப் பேசினோம். மண்ணைவிடக் கடினமான சோதனை மனிதன்தான். இயந்திரத்தைப் பெட்டியில் அடைத்து அனுப்பிவிடலாம். மனிதனை அடைத்தால் அவன் உள்ளம் என்னவாகும்?

1967 நவம்பர் 5ஆம் நாள் மொஸ்கோவில் மூன்று பேர், ஒரு வைத்தியரும் ஓர் உயிரியலாளரும் ஒரு பொறியியலாளரும், மூடிய கூடமொன்றினுள் நுழைந்தார்கள். சரியாக ஓர் ஆண்டு கழித்து, 1968 நவம்பர் 5ஆம் நாள்தான் வெளியே வந்தார்கள். அவர்களுடைய வசிப்பிடத்தின் பரப்பு 12 சதுர மீட்டர். பின்னர் அதனோடு சிறு செடிக்கூடமொன்று இணைக்கப்பட்டது. அதே மொஸ்கோவில், 2010 ஜூன் 3 முதல் 2011 நவம்பர் 4 வரை, ஆறு பேர் 520 நாட்கள் செவ்வாய்ப் பயணத்தை நடித்து வாழ்ந்தார்கள். மூவர் ரஷ்யர்; ஏனையோர் சீனா, பிரான்ஸ், இத்தாலி ஆகிய நாடுகளின் சார்பில் வந்தவர்கள். தொலைவு கூடக்கூட, வெளியுலகிலிருந்து வரும் செய்தி வேண்டுமென்றே தாமதப்படுத்தப்பட்டது. நாட்செல்ல அவர்கள் நடமாட்டம் குறைந்தது. சிலருடைய உறக்கத்தின் ஒழுங்கே குலைந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நான்கு பேர், 1,700 சதுர அடி கொண்ட ‘செவ்வாய் வீட்டில்’ 2023 ஜூன் 25 முதல் 2024 ஜூலை 6 வரை வாழ்ந்தார்கள்.

இந்தியாவும் இத்துறையில் அடியெடுத்து வைத்திருக்கிறது. லடாக்கின் லே நகரில் 2024 நவம்பரில் முதலாவது ஒத்திகை வாழிடம் அமைந்தது. 2025 ஜூலை 31ஆம் நாள், சோ கார் ஏரிப் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் இன்னொரு நிலையம் திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் குமரி மாவட்டத்தில் பிறந்த தமிழர், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத் தலைவர் நாராயணன். ஆகஸ்ட் முதல் பத்து நாட்கள் இருவர் அதில் தங்கினார்கள். மெலிந்த காற்று, கடுங்குளிர், உப்புப் படிந்த மண், கூசும் வெயில் ஆகியவற்றால் செவ்வாயின் சாயலைக் கொண்ட இடம் அது.

இச்சோதனைகளில் மனிதனுக்குத் தரப்படும் காவலைக் கவனியுங்கள். உள்ளே போகிறவர்கள் தாமே விரும்பிப் போகிறவர்கள். அவர்களுடைய இரத்தமும் உறக்கமும் மனநிலையும் அளக்கப்படுகின்றன. என்ன உண்டார்கள், எவ்வளவு உண்டார்கள் என்பது எழுதி வைக்கப்படுகிறது. வெளியேறும் நாள் முன்னரே குறிக்கப்பட்டிருக்கிறது. பொறுக்க முடியாது போனால் கதவைத் திறந்து வெளியே வரலாம். இத்தனை காவல் இருந்தும், நெருக்கடியான இடமும் ஒரே மாதிரியான நாட்களும் உறவினரைப் பிரிந்திருத்தலும் மனிதனை வாட்டுகின்றன என்பதே விஞ்ஞானம் கண்ட முடிவு.

நமுனுகுல மலையடிவாரத்தில் வகுப்பறையில் நின்று இதனைக் கற்பிக்கும்போது என் சிந்தை வேறொரு கணக்கில் இறங்கிவிடுகிறது. மொஸ்கோவில் மூவர் வாழ்ந்த 12 சதுர மீட்டர் என்பது அடிக்கணக்கில் சுமார் 129 சதுர அடி. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று நமது முன்னோருக்கு வெள்ளைத்துரைமார் கட்டிக் கொடுத்த லயத்துக் காம்பரா 120 சதுர அடி. அதிலே மூவர் அல்லர், ஒரு குடும்பமே வாழ்ந்தது; பல சமயம் இரண்டு தலைமுறை வாழ்ந்தது. ஹூஸ்டன் வீட்டில் ஆளுக்கு 425 சதுர அடி. மொஸ்கோ சோதனை ஓர் ஆண்டில் முடிந்தது. நமது சோதனையோ பாட்டன் காலத்தில் தொடங்கிப் பேரன் காலம் வரை நீண்டது. இன்றும் மிகப் பலர் லயங்களிலேயே வாழ்கிறார்கள். அவர்களுடைய உறக்கத்தை அளந்தவர் யார்? இஸ்தோப்பில் குந்தியிருந்து படிக்கும் பிள்ளையின் மனநிலையைக் குறித்து வைத்தவர் யார்? தேயிலையின் நிறை நாள்தோறும் தராசில் நிறுக்கப்பட்டது. கொழுந்து பறித்தவளின் களைப்பை நிறுக்கத் தராசு இருக்கவில்லை.

பழைய சேலம், திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும் பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டுக் கங்காணிமாருடன் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். இன்றைய நாமக்கல் மாவட்டம் அந்தப் பழைய சேலத்திலிருந்து 1997இல் பிரிந்தது. நம்மவரில் சிலருடைய பூட்டனும் பூட்டியும் அந்தப் பாறைகளின் மேல் ஆடு மேய்த்திருக்கக் கூடும். அந்த மண்ணின் மதிப்பை உலகம் இன்று அறிந்துகொண்டது. அந்த மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்ட மனிதரின் மதிப்போ 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் ஒரே நாளில் இல்லாமற் செய்யப்பட்டது. 1964இல் இரண்டு பிரதமர்கள் கூடி, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். எஞ்சியவர்களின் கணக்கைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தார்கள். விண்வெளி ஒத்திகைக்குப் போகிறவனிடம் சம்மதம் கேட்கிறார்கள்; கடல் கடத்தப்பட்ட மக்களிடம் ஒருவரும் சம்மதம் கேட்கவில்லை. நாடற்றவராய் எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வருவதற்கு 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

அப்படியானால் சந்திரனை ஆராய்வதை விட்டுவிட வேண்டும் என்கிறேனா? இல்லை. வயிறு நிறைந்த பின்தான் அறிவு என்று சொல்பவர்கள், ஏழையின் பிள்ளை வானத்தை அண்ணாந்து பார்க்கும் உரிமையையும் பறிக்கிறார்கள். விஞ்ஞானம் மானிடத்தின் பொதுச்சொத்து. சித்தம்பூண்டியில் பாறை உடைத்த கரங்களுக்கும் அதில் பங்குண்டு. விழுப்புரத்தில் பிறந்த வீரமுத்துவேல் சந்திரயான் மூன்றின் திட்ட இயக்குநராக உயர்ந்தார். அவருடைய தந்தை ஒரு ரயில்வே தொழில்நுட்பப் பணியாளர். தொழிலாளியின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் வாய்ப்பும் கிடைத்தால் எத்தனை தூரம் செல்லலாம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நான் கேட்பது ஒன்றே. சந்திர மண்ணில் ஒரு சக்கரம் புதையாதிருக்க எடுத்துக்கொண்ட அக்கறையில் ஒரு பங்காவது, நம் தலைக்கு மேல் நிற்கும் மலைமண் மீதும் காட்டப்பட வேண்டும். 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில், இதே பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களையும் அவற்றினுள் இருந்தவர்களையும் மூடியது. அந்த நிலம் ஆபத்தானது என்று ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. மண்ணைப் பற்றிய அறிவு இருந்தது. அந்த அறிவு மக்களைப் பத்திரமான இடத்திற்குக் கொண்டுசெல்லவில்லை. விஞ்ஞானம் குறைந்ததனால் நேர்ந்த மரணங்கள் அல்ல அவை. மனிதரைப் பற்றிய அக்கறை குறைந்ததனால் நேர்ந்தவை.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நினைவுக்கு வருகிறது. நம் முன்னோர் வந்த இருநூறாண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து நடந்து வந்த மக்கள், அம்மாதம் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தார்கள். பதினொரு நாள் கழித்துச் சந்திரயான் நிலவில் இறங்கியது. ஒரே மாதத்தில், ஒரே மண்ணின் இரண்டு பயணங்கள். நிலவுக்குச் சென்ற பயணம் இறங்கிவிட்டது. காட்டுவழி நடந்து வந்த பயணத்திற்கு இன்னும் சொந்தமாக ஒரு துண்டு நிலமும், காற்றோட்டமுள்ள ஒரு வீடும் வாய்க்கவில்லை. சந்திரனைப் பற்றிப் பாடம் கேட்கும் என் மாணவர்கள் மாலையில் திரும்பிச் செல்வது அந்தக் காம்பராக்களுக்குத்தான். அவர்கள் வானத்தையும் அறிய வேண்டும், தங்கள் வீட்டின் அளவையும் அறிய வேண்டும். இரண்டையும் சேர்த்தே நாம் கற்பிப்போம்.