மேசைமேல் மின்ரயில்: நமது ஐந்தரை அடிப் பாதைக்கு இடமுண்டா?

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடியிலிருந்து கோட்டை ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். அங்கே வந்து நிற்கும் எந்த ரயிலுக்கு மேலும் மின்கம்பி கிடையாது. 1864 டிசெம்பர் 27 அன்று கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் ரயில் ஓடியது. அன்று தொட்டு இன்றுவரை இலங்கையின் ரயில்களை நீராவியும் டீசலுமே இழுத்து வருகின்றன. மின்மயமாக்கல் பற்றிய பேச்சு பல தடவை எழுந்தது; ஒவ்வொரு தடவையும் அடங்கிப் போனது.

ஆகவே மின்ரயில் எஞ்சின் ஒன்றை இங்கே ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு உள்ள வழி, மேசைமேல் ஓடும் மொடல்தான். கொழும்பு வடக்கின் மாடி வீடுகளில் மேசை போடவும் இடமில்லை என்பது வேறு கதை. அதனாலேயே இந்தப் பொழுதுபோக்கில் 'எவ்வளவு சிறியது?' என்பது இங்கே முதற் கேள்வியாகிறது.

ஐரோப்பாவில் இன்று பரவலாக ஓடும் சீமென்ஸ் வெக்ட்ரான் மின் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் உண்மையான நீளம் ஏறத்தாழ 19 மீற்றர். உலகில் அதிகம் விற்பனையாகும் எச்.ஓ. அளவில், அதாவது 1:87இல், அது 22 சென்ரிமீற்றராகிறது. 1:120 என்ற டி.டி. அளவில் 16 சென்ரிமீற்றர். 1:160 என்ற என் அளவில் 12 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. 1:220 என்ற இசட் அளவில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஜப்பானில் உருவான டி அளவோ 1:450. அதன் தண்டவாளங்களுக்கு இடையே வெறும் 3 மி.மீ.தான்.

சிறியது என்றால் விளையாட்டுச் சாமான் என்று எண்ணிவிடக் கூடாது. ஜேர்மனியின் மார்க்லின் கொம்பனி இசட் அளவை 1972இல் அறிமுகப்படுத்தியபோது, இத்தனை சிறிய மோட்டார் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்ற சந்தேகம் இயல்பானதே. 1978இல் அந்த அளவிலான எஞ்சின் ஒன்று ஆறு பெட்டிகளை இழுத்துக்கொண்டு 1,219 மணித்தியாலங்கள் நிற்காமல் ஓடி, 720 கிலோமீற்றரைக் கடந்து கின்னஸ் பதிவில் இடம்பிடித்தது. நமது கணக்கில் சொன்னால், கோட்டையிலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணம் போய், திரும்பி வரும் வழியில் பொல்காவலைக்கு அருகே வந்து நின்றிருக்கிறது.

அண்மைக் காலத்தில் இந்தத் துறையைக் கலக்கிய அறிவிப்பு 2022 ஒக்டோபரில் வந்தது. ஓஓ அளவுக்குப் பெயர்போன பிரித்தானியாவின் ஹோர்ன்பி, 1:120 அளவில் 12 மி.மீ. பாதையில் ஓடும் 'டி.டி. 120' வரிசையை வெளியிடப்போவதாகச் சொன்னது. அதே ஆண்டில் பெக்கோ கொம்பனியும் அந்த அளவுக்கான தண்டவாளங்களுடன் களமிறங்கியிருந்தது. ஆர்வலர்களிடமிருந்து வந்த எதிர்வினை ஒரே மாதிரி இருக்கவில்லை. வீட்டில் இடமில்லாதவர்கள் மகிழ்ந்தார்கள். என் அளவு கண்ணுக்கு மிகச் சிறியது, ஓஓ அளவு அறைக்கு மிகப் பெரியது என்று தவித்தவர்களுக்கு நடுவழி கிடைத்தது. நாற்பது ஆண்டுகளாக ஓஓ சேர்த்தவர்கள், எல்லாவற்றையும் விற்றுவிட்டு மறுபடி தொடங்குவதா என்று முகம் சுளித்தார்கள். ஆரம்பத்தில் ஹோர்ன்பி கடைகளைத் தவிர்த்து நேரடியாக வாடிக்கையாளருக்கே விற்கத் தீர்மானித்ததால், சிறு கடைக்காரர்களின் கோபமும் சேர்ந்தது. பின்னர் கடைகளுக்கும் சரக்குப் போகத் தொடங்கியது.

இந்த அளவு பிரித்தானியருக்குப் புதிதே தவிர, உலகுக்குப் புதிதல்ல. கிழக்கு ஜேர்மனியில் 1950களின் பிற்பகுதியிலிருந்தே டி.டி. வேரூன்றியிருந்தது. நெருக்கமான அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு ஏற்ற அளவு என்பதும் அதற்கொரு காரணம். இன்று ரில்லிக், பிக்கோ போன்ற ஜேர்மன் கொம்பனிகள் அதே அளவில் மின் எஞ்சின்களைச் செய்கின்றன.

மின் எஞ்சின் மொடல் ஒன்று பெட்டியிலிருந்து வெளியே வந்ததும் ஆர்வலரின் கண் முதலில் போவது கூரைக்கு. மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்க மடிந்து நிமிரும் கையை, அதாவது பாண்டோகிராஃபை, விரல் நுனியால் தூக்கிப் பார்ப்பார்கள். அது தடித்த பிளாஸ்டிக்காக இருந்தால் அங்கேயே மதிப்பு இறங்கிவிடும். அடுத்து, எத்தனை சக்கரங்கள் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கின்றன, நடந்து போகிறவரின் வேகத்துக்கும் கீழே ஊர்ந்து போகுமா என்று பார்ப்பார்கள். வேகமாக ஓடுவதை யாரும் பாராட்டுவதில்லை.

ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சிறிய அளவுகளில் பாண்டோகிராஃப் பெரும்பாலும் அலங்காரம்தான். 12 வோல்ட் நேர்மின்னோட்டம் தண்டவாளம் வழியாகவே ஏறுகிறது. மேல்கம்பியைத் தலைமுடி போன்ற கம்பியால் சாலிடர் பிடித்துக் கட்டுவது மாதக்கணக்கான வேலை. அதனால் அநேகர் கட்டுவதில்லை. கம்பியே இல்லாத வானத்துக்குக் கையை உயர்த்தியபடி எஞ்சின் வட்டமடிக்கும். கையை மடக்கி வைத்தாலோ, மின்சாரமே இல்லாமல் ஓடும் மின்ரயிலாகத் தோன்றும். இதில் எது குறைந்த பாவம் என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

மின்சாரம் தண்டவாளத்தில் ஓடுவது முன்பு இத்தனை பாதுகாப்பாக இருக்கவில்லை. 1925இல் ஹோர்ன்பி வெளியிட்ட முதல் மின்சார ரயில், லண்டன் மெட்ரோபொலிட்டன் ரயில்வேயின் மின் எஞ்சினுடைய மாதிரி. வீட்டு மின்சாரத்தை மின்குமிழ் வழியாகத் தணித்து நேரே பாதைக்கு அனுப்பும் ஏற்பாடு அது. இன்று எந்தப் பெற்றோரும் பிள்ளையை அதன் அருகே விடமாட்டார்கள்.

இனி நமது பிரச்சினைக்கு வருவோம். மேலே சொன்ன அளவுகள் எல்லாம் ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதையை மனதில் வைத்துப் பிறந்தவை. 12 மி.மீ.யை 120ஆல் பெருக்கினால் 1,440. 9 மி.மீ.யை 160ஆல் பெருக்கினாலும் 1,440. கச்சிதமான கணக்கு. ஆனால் இலங்கையின் பாதையும் இந்தியாவின் அகலப் பாதையும் ஐந்தரை அடி, அதாவது 1,676 மி.மீ. எச்.ஓ. அளவில் செய்த இலங்கை எஞ்சினை 16.5 மி.மீ. தண்டவாளத்தில் வைத்தால், உண்மைக் கணக்கில் ஏறத்தாழ 24 சென்ரிமீற்றர் குறைகிறது. தோள் அகன்ற ஆள் இரண்டு கால்களையும் ஒட்டி வைத்து நிற்பது போல இருக்கும். தெரியாதவர் கவனிக்கமாட்டார். கோட்டையிலோ மருதானையிலோ தினமும் ரயில் ஏறுகிறவருக்கு என்ன பிழை என்று சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ பிழை என்று தெரிந்துவிடும்.

ஜப்பானியர்கள் இதே சிக்கலை எதிர்ப்பக்கமாக எதிர்கொண்டார்கள். அவர்களுடைய சாதாரணப் பாதை 1,067 மி.மீ. மட்டுமே. கட்டோ, டோமிக்ஸ் கொம்பனிகள் 1:150 அளவில் செய்யும் ஈ.எஃப். வகை மின் எஞ்சின்கள் 9 மி.மீ. பாதையில் ஓடுகின்றன; கணக்குப்படி 7 மி.மீ. போதும். ஷின்கான்சென் மட்டும் 1,435 மி.மீ. பாதை என்பதால் அதை 1:160இல் செய்கிறார்கள். எஞ்சினின் அளவை மாற்றினார்களே தவிர, தண்டவாளத்தை மாற்றவில்லை. நமக்கு உதவக்கூடிய சூத்திரம் இதுதான்.

பிரித்தானியாவில் 1957இல் ட்ரை-ஆங் கொம்பனி 'டி.டி.' என்ற பெயரில் வேறோர் அளவைக் கொண்டுவந்தது. ஓர் அடிக்கு 3 மி.மீ.; அதாவது 1:101.6. அது வணிகத்தில் நீடிக்கவில்லை. கொம்பனி கைவிட்ட பிறகு, 1965இல் ஆர்வலர்களே சங்கம் அமைத்து அதைக் காப்பாற்றி வருகிறார்கள். அந்த அளவில் நமது ஐந்தரை அடியைப் போட்டுப் பாருங்கள்: ஐந்தரையை மூன்றால் பெருக்க 16.5 மி.மீ. உலகில் மிக மலிவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் உள்ள எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் அதுவேதான். ஒரு மயிரிழை கூடப் பிசகவில்லை.

பிரித்தானியர் கைவிட்ட ஓர் அளவுக்கும் உலகத்தின் பொதுத் தண்டவாளத்துக்கும் நடுவே நமது பாதை சரியாக உட்கார்ந்திருக்கிறது. சித்தரஞ்சனில் கட்டப்படும் இந்தியாவின் டபிள்யூ.ஏ.பி.-7 மின் எஞ்சின் இந்த அளவில் 20 சென்ரிமீற்றர், சென்னை ஐ.சி.எஃப். பெட்டி 21 சென்ரிமீற்றர். யாழ்தேவியும் இதே கணக்கில் அடங்கும். 1956இல் ஓடத் தொடங்கி, 1990இல் வடபாதை அறுந்து, 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் சேர்ந்த அந்த ரயிலைப் பெட்டியில் அடைத்து விற்பதை நான் எந்தக் கடையிலும் கண்டதில்லை. மொடல் ரயிலைக் காணும் தமிழ்ப் பிள்ளை கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் அதுதான்.

கணக்குச் சரி, வேலை இலகுவல்ல. மேலுடம்பைக் கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சில் எடுக்கலாம். சிக்கல் கீழே, சக்கரங்கள் பொருந்தும் போகியில். உண்மையில் 4 மீற்றர் நீளச் சக்கர இடைவெளி உள்ள போகி, எச்.ஓ. எஞ்சினில் 46 மி.மீ. ஆக இருக்கும். நமக்கு வேண்டியது 39 மி.மீ. டி.டி. 120 எஞ்சினிலிருந்து எடுத்தால் 33 மி.மீ.தான் வரும், அதன் அச்சுகளும் 12 மி.மீ. பாதைக்கு வெட்டப்பட்டவை. எனவே ஒன்று அச்சுகளை மாற்ற வேண்டும், இல்லையேல் போகியையே புதிதாகச் செய்ய வேண்டும். அகலத்தில் உண்மையைக் காப்பாற்றி நீளத்தில் விட்டுக்கொடுக்கிறவர்களும் உண்டு. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

இவ்வளவு சிரமம் வேண்டாம் என்கிறவருக்கு 9 மி.மீ. பாதை இருக்கிறது. ஜப்பானிய என் தண்டவாளத்தில் 282 மி.மீ. ஆரை வளைவு வாங்கினால், 65 சென்ரிமீற்றர் அகலப் பலகையில் முழு வட்டம் வந்துவிடும். ஹோர்ன்பியின் ஓஓ இரண்டாம் வளைவுக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர் வேண்டும். அந்த ஒடுங்கிய 9 மி.மீ.யில் நமது பழைய பாதைகள் ஆச்சரியமாகப் பொருந்துகின்றன. 1990களில் அகலப் பாதையாக மாற்றப்படும் வரை களனிவெளிப் பாதை இரண்டரை அடி, 762 மி.மீ.; அது எச்.ஓ. அளவில் 8.8 மி.மீ. கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்கும் 1960 வரை ஓடிய கொழும்பு டிராம் மூன்றரை அடிப் பாதை, 1:120இல் 8.9 மி.மீ. அந்த டிராம் மின்சாரத்தில் ஓடியது. ரயிலுக்கு வராத மேல்கம்பி கொழும்பின் தெருக்களில் அரை நூற்றாண்டுக்கு மேல் தொங்கியது என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். கம்பிக்குக் கீழே ஓட்டுவதற்கு உள்ளூரில் ஏதும் இல்லையே என்று கவலைப்படத் தேவையில்லை.

விலையும் காற்றும் வேறு தடைகள். டி.டி. 120 அறிவிக்கப்பட்ட 2022இல்தான் இங்கே டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபா வரை ஏறியது. எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்டில் மொடல் எஞ்சினுக்குப் பணம் அனுப்புவது பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது. அந்த விலை இறங்கிப் பழைய இடத்துக்குப் போகவில்லை. துறைமுகத்தை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்றினால் தண்டவாளம் விரைவில் கறுத்துவிடும். எஞ்சின் சிறிதாகும்போது எடையும் குறைவதால், அந்தக் கறையில் சக்கரம் மின்சாரம் எடுக்காமல் நின்றுவிடும். ஓட்டுவதற்கு முன் ஐசோபுரோபைல் அற்ககோல் தொட்ட துணியால் ஒருமுறை துடைப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை. அளவு சிறிதாகச் சிறிதாகத் துடைப்பு அதிகம். சிறிய வீட்டுக்காக இசட் அளவுக்குத் தாவ நினைப்பவர்கள் இதை யோசித்தே வாங்க வேண்டும்.

அடிக்கு 3 மி.மீ. என்ற அளவில் தொடங்குகிறவர் ஒரு பலகையில் எதைக் கட்டலாம் என்று கேட்டால், என் தெரிவு தலைமன்னார். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை மீற்றர் பாதை ரயில், அங்கிருந்து கப்பல், தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து கொழும்புக்கு அகலப் பாதை ரயில். 1964 டிசெம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை இந்தப் பயணம் நடந்தது. 1931இல் மின்மயமான சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதையும் அதே மீற்றர் பாதைதான். பிறகு விழுப்புரம் வரை நீண்ட அந்தப் பாதைக்காக ஜப்பானின் மிட்சுபிஷி 1960களில் இருபது வை.ஏ.எம்.-1 மின் எஞ்சின்களைக் கட்டிக் கொடுத்தது. சென்னையில் மீற்றர் பாதை மின்ரயில் 2004 ஜூலையில் நின்றுபோனது.

இந்த அளவில் தலைமன்னார்ப் பக்கத்துக்கு 16.5 மி.மீ. தண்டவாளம். தனுஷ்கோடிப் பக்கத்துக்குக் கணக்குப்படி 9.8 மி.மீ. வேண்டும், 9 மி.மீ. போட்டால் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான பிசகு. முதலில் எஞ்சின் வாங்க வேண்டாம். ஒரு மீற்றர் நெகிழ் தண்டவாளமும், கடுகண்ணாவை ரயில்வே அருங்காட்சியகத்துக்கு ஒரு டிக்கெட்டும், அங்கே நிற்கும் பழைய பெட்டிகளை அளக்க ஒரு நாடாவும் போதும்.