தம்பேதன்ன லிப்டனின் பூர்வோத்தரம்: பிறந்த ஆண்டு பற்றிய ஒரு விசாரணை

ஊவாவின் தேயிலைச் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அப்புத்தளைக்கு மேலுள்ள தம்பேதன்னத் தோட்டத்தையும் அதன் உச்சியில் லிப்டன் சீட் என்று வழங்கும் மேட்டையும் வருணித்து, 1890இல் அத்தோட்டத்தை வாங்கிய சர் தோமஸ் லிப்டனை ஆங்கிலேய வணிகப் பிரபு என்று ஓர் அடைமொழியால் அறிமுகஞ்செய்துவிட்டு, கொழுந்தின் விலைக்கும் புகையிரதப் பாதையின் வரவுக்கும் சென்றுவிடுகின்றனர். அவருடைய குடும்பம் எந்த மண்ணிலிருந்து புறப்பட்டது, எவ்வழியே வணிகத்துக்குள் நுழைந்தது, அமெரிக்கக் கண்டத்தில் அதற்குச் சந்ததி என்று சொல்லத்தக்கது ஏதும் உண்டா என்னும் வினாக்கள் அந்த அடைமொழிக்குள்ளேயே அமிழ்ந்துபோகின்றன. அவற்றை வெளியே எடுப்பதற்கு முதலில் அலெக் வோ எழுதிய சரிதத்தோடு வழக்காட வேண்டியிருக்கிறது.

நாவலாசிரியர் ஈவ்லின் வோவின் தமையனாரான அலெக் வோ, 'தி லிப்டன் ஸ்டோரி' என்ற தம் நூலை 1950ஆம் ஆண்டையொட்டி வெளியிட்டார். நூற்றாண்டு நிறைவுச் சரிதம் என்பது அதன் துணைத்தலைப்பு. இத்துணைத்தலைப்பைப் படிப்போர் அலங்காரமாக எண்ணிக் கடந்துவிடலாம். ஆனால் லிப்டன் 1850ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் திகதி பிறந்தார் என்னும் ஒரு காலநிர்ணயத்தை நூலின் முகப்பிலேயே நாட்டிவிட்டு, அதன்மேல் விசாரணைக்கு இடமில்லாதபடி செய்துவிடுகிற வாசகம் அது. அந்நிர்ணயத்துக்கு அடியில் இருப்பதோ லிப்டனின் சொந்த வாக்குமூலமே. 1931இல் வெளிவந்த அவருடைய சுயசரிதையும், அவர் ஆயுள் முழுதும் பத்திரிகைக்காரர்களுக்குச் சலிக்காமல் சொல்லிவந்த கதையுமே. தம்மைத் தாமே விளம்பரம் செய்துகொள்ளும் கலையில் அக்காலத்தில் நிகரற்றவராயிருந்த ஒருவருடைய வாக்கை, அவர் விஷயத்திலேயே பரீட்சித்துப் பாராமல் ஏற்றுக்கொண்டது வோவின் முதற்குறை. 1998இல் ஜேம்ஸ் மெக்கே எழுதிய சரிதம் இந்த வாக்கைச் சந்தேகித்தே தொடங்குகிறது. தம்மைத் தாமே உருவாக்கிக்கொண்ட மனிதர் என்று அந்நூலுக்குப் பெயரிட்டிருப்பதும் காரணமின்றியன்று. அண்மைக்கால ஆய்வாளர் பலர் 1848ஐயே கொள்கின்றனர்.

இரண்டு வருஷ வித்தியாசத்துக்காக இத்துணை ஆரவாரம் எதற்கு என்று கேட்கலாம். ஸ்கொத்லாந்தில் அரசாங்கப் பிறப்புப் பதிவு கட்டாயமாகத் தொடங்கியது 1855இல். அதற்கு முன்னர் ஞானஸ்நானங்களைக் குறித்துவைத்த திருச்சபைப் பதிவேடுகள் யாரையும் கட்டுப்படுத்தவில்லை. ஆகவே 1848 ஆயினும் 1850 ஆயினும், அப்பிறப்பு அரசாங்க ஏட்டுக்கு அகப்படாத காலத்தைச் சேர்ந்தது. லிப்டனின் பிதாவும் மாதாவும் அயர்லாந்தின் வடபகுதியில், மொனகன் கோட்டத்துக் குளோன்ஸ் ஊரையடுத்த சிற்றூரொன்றில் வாழ்ந்தவர்கள். உருளைக்கிழங்குப் பயிர் அழுகி நாடே பட்டினியில் வாடிய அந்த மகாபஞ்சத்தின்போதுதான், ஏறக்குறைய 1847ஐ ஒட்டி, அவர்கள் கிளாஸ்கோவுக்கு வந்து கோர்பல்ஸ் பகுதியில் குடியேறினர். பிறப்பு 1850 என்றால், குடியேறி நிலைகொண்ட ஒரு குடும்பத்தில் பிறந்த ஸ்கொத்லாந்துப் பிள்ளை என்று தயக்கமின்றிச் சொல்லிவிடலாம். 1848 என்றாலோ, கடல் கடந்ததற்கும் பிள்ளைப்பேற்றுக்கும் இடையிலுள்ள காலம் சில மாதங்களாகச் சுருங்கிவிடுகிறது. பிள்ளை உருக்கொண்டது அயர்லாந்திலா, பிறந்ததும் அங்கேயா என்ற வினாவே எழுந்துவிடுகிறது. கிளாஸ்கோவில் பிறந்தார் என்ற வழக்கை நான் மறுக்கவில்லை. அவ்வழக்கு நிற்கும் கால்கள் வோ கருதியதைவிட மெலிந்தவை என்பதே என் வாதம்.

இனி 1871ஆம் ஆண்டு மே 10. அன்றுதான் கிளாஸ்கோ ஸ்டொப்குரொஸ் வீதியில் லிப்டனின் முதற்கடை திறக்கப்பட்டதென்பதும், அன்று அவருக்கு இருபத்தொரு வயது நிறைந்ததென்பதும் மரபு. இருபத்தொரு வயதென்பது அந்நாட்டுச் சட்டப்படி ஒருவன் தன் பெயரில் ஒப்பந்தம் செய்யவும் கடன் பெறவும் உரிமையடையும் பிராயம். சட்டம் தன்னை மனிதனாக அங்கீகரித்த அதே நாளில் ஒருவன் கடை திறந்தான் என்றால், அதைவிடச் சிறந்த விளம்பர வாசகத்தை எந்த விளம்பரக்காரனும் எழுதியிருக்க இயலாது. இச்சம்பவம் இருவகையில் விளங்கலாம்: பிறந்தநாளைப் பார்த்துக் கடையைத் திறந்திருக்கலாம், அல்லது கடை திறந்த நாளைப் பார்த்துப் பிறந்த ஆண்டு பின்னர் திருத்தப்பட்டிருக்கலாம். வோ முதலாவதை ஏற்றார். நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். நேர்ச்சான்று என்று காட்ட என்னிடம் ஏதுமில்லை என்பதை மறைக்கவில்லை. ஆயினும் அமெரிக்காவுக்கு ஓடிப்போன வயதும் இதே திசையிலேயே குறைக்கப்பட்டிருப்பதைக் கவனித்தல் வேண்டும்: பதினான்கு, பதினைந்து வயதுச் சிறுவன் என்பதற்கும் பதினாறு, பதினேழு வயது வாலிபன் என்பதற்கும் கேட்போர் மனத்தில் எழும் வியப்பு ஒன்றன்று. இரண்டு கதைகளும் ஒரே இரண்டு வருஷங்களால் சிறப்படைவதைத் தற்செயல் என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை.

குடும்பத்தின் பூர்வத்துக்குள் இதற்கு மேலும் செல்வது கடினம். 1922 ஜூன் மாத இறுதியில் டப்ளின் நகரத்து நான்கு நீதிமன்றக் கட்டடத்தில் மூண்ட தீயில் அயர்லாந்தின் பழைய குடிசன மதிப்பீட்டு ஏடுகளும் அங்கிலிக்கன் திருச்சபைப் பதிவேடுகளிற் பெரும்பகுதியும் சாம்பலாயின. எஞ்சியிருப்பவற்றுள் நம்பத்தக்க தடயம் அவருடைய பெயருக்குள்ளேயே இருக்கிறது. தோமஸ் ஜோன்ஸ்டன் லிப்டன் என்பதில் நடுப்பெயர், மாதாவான பிரான்செஸ் ஜோன்ஸ்டனின் குலப்பெயர். ஜோன்ஸ்டன் குலத்தார் இங்கிலாந்துக்கும் ஸ்கொத்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புறத்தில் வாழ்ந்தோர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்ஸ்டர் நிலங்கள் பறிக்கப்பட்டுப் புரொட்டஸ்தாந்துக் குடியேறிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டபோது ஃபெர்மானாப் பகுதியில் திரளாக வந்து நிலைத்தவர்கள். வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் 1607இலும் அல்ஸ்டர் குடியேற்றம் 1609இலும் தொடங்கியவை. ஒரே அரசனின் காலத்து இரட்டைக் காரியங்கள். அவ்வல்ஸ்டர் மக்களின் வழித்தோன்றல்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் இலட்சக்கணக்கில் கடல் கடந்து பென்சில்வேனியா, வர்ஜீனியா, கரோலினா மலைச்சாரல்களில் பரவினர். குடியேற்றகால அமெரிக்காவில் லிப்டனுக்கு உறவுமுறை தேட வேண்டுமாயின் தாய்வழியில் இங்கேதான் தேட வேண்டும். இன்ன கிளையினர் இவருக்கு இன்ன முறையென்று ஏணி கட்டிக் காட்டும் வம்சாவளிப் பட்டியல்களை நான் ஏற்பதற்கில்லை. இடைப்பட்ட படிகள் டப்ளின் தீயில் போய்விட்டன.

அப்படியாயின் 'ஆங்கிலேயர்' என்னும் அடைமொழி எங்கிருந்து முளைத்தது? இதற்கு விடையாக எனக்குத் தோன்றுவது, பலரும் கண்டும் நின்று பாராத ஒரு வாசகம். 1902இல் அவருக்கு வழங்கப்பட்ட பரோனெட் பட்டத்தின் உரிமை வாசகத்தில், மிடில்செக்ஸ் கோட்டத்துச் சவுத்கேட் பங்கைச் சேர்ந்த ஒசிஜ் என்னும் இடத்தார் என்று அவர் குறிக்கப்படுகிறார். ஒசிஜ் என்பது இலண்டனின் வடபுறத்தில் அவர் வாங்கிக் குடிபுகுந்த மாளிகை. குளோன்ஸையும் கோர்பல்ஸையும் தம்பேதன்னவையும் விட்டு வாங்கிய வீட்டின் பெயரை அவர் சூடிக்கொண்டார். பட்டப் புத்தகங்களில் ஏறிய அந்த ஒற்றை வரியிலிருந்துதான் ஆங்கிலேயப் பிரபு என்ற வழக்கு கொழும்புப் பத்திரிகைகளுக்கும், அங்கிருந்து நம் மலைநாட்டு நூல்களுக்கும் இறங்கியிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். ஊகம் என்றே சொல்கிறேன்.

அவருடைய ஏனைய செய்கைகள் யாவும் இவ்வாசகத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன. அமெரிக்கக் கிண்ணத்துக்காக 1899 முதல் 1930 வரை ஐந்து முறை பந்தயத்துக்கு விட்ட பாய்க்கப்பல்கள் ஐந்துக்கும் அயர்லாந்தின் சின்னமாகிய மூவிலைப் புல்லின் பெயரையே, ஷாம்ரொக் என்று, இட்டார். நீராவி உல்லாசக்கப்பலுக்கு அயர்லாந்தின் பழம்பெயரான எரின் என்பதை வைத்தார். அறைகூவல்களையும் அல்ஸ்டரின் அரச பாய்க்கப்பற் கழகத்தின் பெயராலேயே விடுத்தார். ஆங்கிலேய மேன்மக்களின் அரச பாய்க்கப்பற் கழகமோ அவரை உறுப்பினராக ஏற்றது 1931இல், அவர் மரணமடைந்த ஆண்டில். ஒசிஜில் காலமான அவருடைய உடல் கிளாஸ்கோவின் தெற்கு மயானத்தில் தாய் தந்தையர் பக்கத்தில் அடக்கஞ்செய்யப்பட்டது. பட்டத்துக்கு வாரிசில்லாமையால் அப்பரோனெட் உரிமையும் அன்றோடு அற்றுப்போயிற்று.

அமெரிக்கத் தொடர்பு என்று வரலாறு ஒப்புக்கொள்வது அவருடைய வாலிபப் பிரயாணமே. கிளாஸ்கோவுக்கும் பெல்ஃபாஸ்டுக்கும் இடையே ஓடிய நீராவிக்கப்பலில் எடுபிடி வேலை செய்து சேர்த்த பணத்தில், உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில் நியூயோர்க் சேர்ந்து, வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்திலும் தென் கரோலினாவின் கூசோ தீவில் நெற்பண்ணையிலும் வேலை பார்த்தார். நெற்பண்ணையில் அவர் வகித்த உத்தியோகத்தை ஊவா மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை, கணக்கப்பிள்ளை வேலை. அடிமைத்தளை அப்போதுதான் அறுந்திருந்த ஒரு பெருந்தோட்டத்தில் ஆட்பெயரேட்டையும் கூலிப்புத்தகத்தையும் எழுதிப் பழகிய ஒருவர், இருபத்தைந்து வருஷம் கழித்துத் தம்பேதன்னவில் துரைமார்களுக்கும் துரையாக வந்து நின்றார் என்பதை வோவைப் பின்பற்றும் எழுத்தாளர்கள் ஒரு வேடிக்கைச் சம்பவமாகவே கடந்துசெல்கின்றனர். பின்னர் அவர் நியூயோர்க்கின் ஏ. டி. ஸ்டுவர்ட் அங்காடியில் கற்றுக்கொண்ட விற்பனைமுறையே லிப்டன் ஸ்தாபனத்தின் உண்மையான மூலதனம். கிளாஸ்கோவில் தந்தை நடத்திய கடையோ வெண்ணெய், பன்றியிறைச்சி, முட்டை விற்ற சிறுகடை. அதை வணிகக்குலம் என்று உயர்த்திப் பேசுவது மரபுக்கு நாம் செலுத்தும் உபசாரமே.

ஆண்வாரிசில்லாத ஒருவரின் பெயர் அமெரிக்காவில் தழைப்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டைக்குக் கவர்னராயிருந்த எலிஹு யேல், பொஸ்டனில் பிறந்து சிறுபிராயத்திலேயே தாயகம் திரும்பியவர். அவர் குடும்பமும் ஆங்கிலேயக் குடும்பம் என்று வழங்கினும் வேல்ஸ் நாட்டு ரெக்சத்தைச் சேர்ந்தது. அவருடைய ஆண்மகவு டேவிட் சென்னையில் இறந்து புதைக்கப்பட்டான். அந்த ஜனவரி மாதத்து மரணம் மார்ச்சில் ஆண்டு பிறந்த பழைய கணிப்பில் 1687, இன்றைய கணிப்பில் 1688. இன்று அமெரிக்காவில் யேல் என்ற பெயரோடு வாழ்வோர் நியூ ஹேவனில் தங்கிவிட்ட சிற்றப்பர் தோமஸ் யேலின் வழியினரேயன்றிச் சென்னைக் கவர்னரின் வழியினரல்லர். அங்கேனும் ஒரு சிற்றப்பர் இருந்தார். லிப்டனுக்கு உடன்பிறந்தோர் பலர் இளமையிலேயே மறைந்துவிட்டனர். நியூ ஜெர்சியின் ஹொபோக்கனில் அவர் பெயரைத் தாங்கி நின்றது ஒரு தேயிலைத் தொழிற்சாலையே.

ஆவணம் உள்ள குடும்பத்தைப் பார்க்க விரும்புவோர் அப்புத்தளையை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. 1931இல் அதிசம் மாளிகையைக் கட்டிய சர் தோமஸ் விலியர்ஸ், ஜோர்ஜ் ஸ்டுவர்ட் வணிக ஸ்தாபனத்தின் தலைவர். கெண்ட் கோட்டத்து அதிசம் கிராமத்தில் பிறந்தவர். தாய்வழியில் பிரதம மந்திரி ஜோன் ரசலின் பேரர். தந்தைவழியில் நான்கு தலைமுறை முன்னே நிற்பவர் கிளாரண்டன் பிரபு. அப்பிரபுவின் மனைவியாரின் ஹைட் குலத்து மூதாதையர் ஒருவரே 1663இல் கரோலினாவைத் தானமாகப் பெற்ற எண்மருள் ஒருவர். அக்குலத்துக் கோர்ன்பரி பிரபு 1702 முதல் 1708 வரை நியூயோர்க்கின் கவர்னர். ஒரே மலையூரில் இரண்டு வணிகர்; ஒருவருக்குப் பல தலைமுறை எழுத்தில் உண்டு, மற்றவருக்குத் தம் பிறந்த ஆண்டே எழுத்தில் இல்லை.

பின்னவருடைய குறை அவருக்கு எவ்வகையிலும் இடையூறாகவில்லை என்பதைப் பதுளை மாவட்டத்து வாசகர் நினைவிற் கொள்ளாமலிருக்க இயலாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அவருடைய தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோரிடம், தந்தை இந்நாட்டில் பிறந்தமைக்கோ, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இந்நாட்டில் பிறந்தமைக்கோ அத்தாட்சி கேட்டது. கங்காணியின் பின்னே நடந்துவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதைக் காட்ட முடியாமல் நாடற்றவராயினர். வோவின் நூற்றாண்டுச் சரிதம் வெளிவந்த காலமும் இந்நாட்டில் பிரஜாவுரிமை விண்ணப்பங்கள் குவிந்துகொண்டிருந்த காலமும் ஒன்றே.

காலநிர்ணயத்துக்குத் திரும்பினால், கிளாஸ்கோ ஏடுகளைவிட எனக்கு நம்பிக்கையளிப்பது நியூயோர்க் துறைமுகத்துக் காஸில் கார்டன் நிலையத்தில் இறங்கியோரின் கப்பற்பட்டியல்களே. அவற்றில் ஒவ்வொருவருக்கும் வயதுக்குரிய நிரல் ஒன்றுண்டு, அதை நிரப்பியவர்கள் விளம்பரம் தேடாத கப்பல் உத்தியோகத்தர்கள். 1864, 1865 ஆகிய இரு வருஷங்களில் கிளாஸ்கோவிலிருந்து சென்ற கப்பல்களின் பட்டியல்களுள் தோமஸ் லிப்டன் என்ற பெயருக்கு எதிரே பதினைந்து என்றிருப்பின் வோவுக்கு நான் கடன்பட்டவன். பதினாறோ பதினேழோ என்றிருப்பின், அவருடைய துணைத்தலைப்பு இரண்டு வருஷம் பிந்தியது. பெயரொத்தோர் பலர் இருப்பர் என்பதால் அதுவும் முடிந்த முடிபாகாது.