ஒற்றை ஆளும் உருளைக் கட்டும் – ஒரு பழுதுபார்ப்பு வரலாறு

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்று நம் ஊரில் சொல்வார்கள். இதே கருத்தை ஆங்கிலேயர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்: வெயில் அடிக்கும்போதே புல்லைக் காயவை. இரண்டுமே விவசாயி வாயிலிருந்து வந்தவைதான். காற்றும் அவன் கையில் இல்லை, வெயிலும் இல்லை!

அந்தப் பழமொழியில் வரும் புல் நம் வைக்கோல் அல்ல. வைக்கோல் என்பது நெல்லை எடுத்தபின் மிஞ்சும் தாள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மாடுகளுக்கென்றே புல்லும் குதிரைமசாலும் வளர்த்து, வெட்டி, வயலிலேயே உலர்த்தி, குளிர்காலத்துக்குச் சேமித்து வைப்பார்கள். ஈரம் சுமார் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது கட்டினால் பூசணம் பிடிக்கும். உள்ளே சூடேறி, சில சமயம் தானாகவே தீப்பிடிக்கும். காய்ந்து கிடக்கும்போது ஒரு மழை பெய்தால் சத்து போய்விடும். ஆக, கட்டுவதற்குச் சரியான நேரம் என்று கிடைப்பது ஓரிரு நாட்கள்தான்.

அந்த நேரம் பார்த்துக் கட்டும் இயந்திரம் நின்றுவிட்டால்? யார் அதைச் சரிசெய்வது? இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

முடிச்சு போட்ட இரும்பு

1878-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த ஜான் ஆப்பிள்பி, கயிற்றில் தானாக முடிச்சு போடும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அது முதலில் தானியக் கதிர்களைக் கட்டத்தான் பயன்பட்டது. 1930-களின் கடைசியில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த எட்வின் நோல்ட், வயலில் கிடக்கும் புல்லைத் தானே அள்ளி, அழுத்தி, கயிற்றால் கட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். நியூ ஹாலண்ட் நிறுவனம் 1940 வாக்கில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இந்தக் கட்டுகள் செவ்வக வடிவில், ஒரு ஆள் தூக்கும் எடையில் இருந்தன. அதில்தான் சிக்கலே! ஆள் தூக்கக்கூடியது என்றால் ஆள் தூக்கியே ஆகவேண்டும். ஒருவர் டிராக்டர் ஓட்ட, ஒருவர் வண்டியில் அடுக்க, இன்னும் இரண்டு பேர் கொட்டகையில் ஏற்ற வேண்டும். நூற்றுக்கணக்கான கட்டுகள், அதுவும் உச்சி வெயிலில். போதாக்குறைக்கு, முடிச்சு போடும் கருவி ஒரு பிடிவாதக்காரன். கயிற்றின் தடிமன் சற்று மாறினாலோ, ஒரு பாகம் கொஞ்சம் தேய்ந்தாலோ முடிச்சு விழாது.

சுருட்டினால் என்ன?

புல்லைப் பாய் போலச் சுருட்டிவிடலாம் என்ற யோசனை பழையது. நெப்ராஸ்காவைச் சேர்ந்த உம்மோ லூபென் 1910-லேயே உருளைக் கட்டு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். அவருடைய உரிமையை வாங்கிய ஆலிஸ் சால்மர்ஸ் நிறுவனம் 1947-ல் 'ரோட்டோ பேலர்' என்ற பெயரில் இயந்திரத்தை விற்கத் தொடங்கியது. ஆனால் அதன் உருளைகள் சிறியவை. ஒவ்வொரு உருளைக்கும் கயிறு சுற்றி வெளியேற்றும்வரை வண்டி நிற்கவேண்டும். பிறகு அவற்றையும் ஆள்தான் தூக்கவேண்டும்.

திருப்பம் வந்தது 1971-ல். அயோவா மாநிலத்தின் பெல்லா என்ற சிற்றூரில் கேரி வெர்மியர் என்பவர் இருந்தார். அடிப்படையில் விவசாயி. 1943-ல் தன் தானிய வண்டியைச் சாய்த்துக் கொட்ட ஒரு தூக்கியைத் தானே செய்துகொண்டு, அது பிடித்துப்போன அக்கம்பக்கத்தாருக்கும் செய்து கொடுத்து, 1948-ல் நிறுவனமே தொடங்கியவர். புல் கட்டும் வேலைக்கு ஆள் கிடைக்காமல் மாடு வளர்ப்பையே விட்டுவிடப்போவதாக அவருக்குத் தெரிந்த ஒருவர் புலம்பினார். அதைக் கேட்டுவிட்டு வெர்மியர் எடுத்த முடிவு விசித்திரமானது. கட்டை இலேசாக்குவதற்குப் பதில், மனிதனால் தூக்கவே முடியாதபடி பெரிதாக்கினார்! ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள உருளை. யாராலும் தூக்க முடியாது என்பதால் யாரும் தூக்கவேண்டிய அவசியமும் இல்லை. டிராக்டரே தூக்கிக்கொள்ளும். வட்டமாக இருப்பதால் மழைநீர் பெரும்பாலும் வழிந்தோடிவிடும். எல்லாவற்றையும் உடனே கொட்டகைக்குள் அடைக்கவேண்டியதும் இல்லை.

ஒரு கூட்டமே செய்த வேலையை இப்போது ஒரே ஆள் செய்தார்.

ஒரே ஆள் என்றால், பழுதுக்கும் ஒரே ஆள்

தொழிலாளர் செலவு குறைந்தது. ஆனால் கூடவே இன்னொன்றும் குறைந்தது. இயந்திரம் நின்றால் பக்கத்தில் பிடித்துக்கொடுக்க, விளக்குக் காட்ட, ஓடிப்போய் பாகம் வாங்கிவர ஆள் இல்லை. அமெரிக்காவில் 1935-ல் சுமார் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2022 கணக்கெடுப்பில் அது சுமார் 19 லட்சம். அதாவது, அண்டை வீட்டுக்காரரும் தூரமாகிவிட்டார்.

நல்லவேளையாக, உருளைக் கட்டு இயந்திரம் தனி ஆளுக்கு ஏற்றதாக இருந்தது. முதலில், அதில் முடிச்சு போடும் கருவியே கிடையாது. கயிற்றை உருளை மேல் பல சுற்றுகள் சுற்றி அறுத்துவிட்டால் போதும், இறுக்கத்தில் நின்றுகொள்ளும். மிச்சமெல்லாம் கண்ணுக்குத் தெரியும் சமாச்சாரங்கள்தான். புல்லை அள்ளும் கம்பிப் பற்கள் உடையும். போல்ட்டைக் கழற்றி மாற்றலாம். சுருட்டும் பெல்ட்டின் இரு முனைகளையும் உலோகக் கொக்கிகளும் நடுவே செருகிய கம்பியும் இணைக்கின்றன. கம்பி அறுந்தால் புதிது செருகலாம். செயின் தளர்ந்தால் இறுக்கலாம். பேரிங் போகுமுன் சத்தம் போடும், சூடேறும். அதைக் கவனிக்காவிட்டால் காய்ந்த புல் தீப்பிடித்து இயந்திரமே எரிந்துபோகும். ஒரு ஸ்பேனர் பெட்டி, ஒரு வெல்டிங் மெஷின், கையேடு – இவ்வளவு இருந்தால் பெரும்பாலான பழுதுகளை வயலிலேயே முடித்துவிடலாம்.

இதில் வீரசாகசம் கலந்துவிடக்கூடாது. ஓடும் இயந்திரத்தில் கையை விட்டு, கையையே இழந்தவர்கள் உண்டு. தூக்கிய பின்கதவு திடீரென இறங்கி, அடியில் இருந்தவர் நசுங்கி இறந்ததும் உண்டு. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, எல்லாம் சுழன்று ஓயும்வரை காத்திருந்து, பின்கதவின் ஹைட்ராலிக் பூட்டைப் போட்ட பிறகே உள்ளே கை வைக்கவேண்டும். கூப்பிட்டால் கேட்க ஆளில்லாத வயலில் இந்த நான்கு படிகள்தான் துணை.

வணிகவியல் மாணவர்களுக்கு ஒரு சுவாரசியமான விஷயம். தேய்மானம் கழித்துக் கழித்து, கணக்குப் புத்தகத்தில் மதிப்பே இல்லாமல் போன பழைய பேலர்கள் இன்னும் வயலில் ஓடுகின்றன. அவற்றை ஓடவைப்பது அதன் உரிமையாளரின் உழைப்பு. அந்த உழைப்பு எந்த ஐந்தொகையிலும் ஏறுவதில்லை!

பூட்டு விழுந்த காலம்

பேலர் தனியாக ஓடாது; டிராக்டரின் சுழல் தண்டிலிருந்துதான் அதற்குச் சக்தி வருகிறது. அந்த டிராக்டர் மெல்ல மெல்லக் கம்ப்யூட்டராக மாறியது. பேலரிலும் சென்சார்கள் வந்தன. உருளை நிறைந்ததும் திரையில் சொல்லும், ஈரத்தை அளக்கும், வலையைத் தானே சுற்றும். வசதிதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு சென்சார் பழுதானால் திரையில் ஒரு குறியீடு மட்டும் வரும். அதைப் படித்துச் சரிசெய்யும் முழுமையான சாஃப்ட்வேர் டீலரிடம்தான் இருக்கும். ஸ்பேனரால் திறக்க முடியாத பூட்டு இது.

அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம், இப்படிப்பட்ட மென்பொருள் பூட்டுகளை உடைப்பதைத் தடைசெய்தது. சினிமாவையும் பாட்டையும் காக்க வந்த சட்டம் டிராக்டருக்கும் பொருந்திப்போனது! 2015-ல்தான் பழுதுபார்க்கும் நோக்கத்துக்காக டிராக்டர் உள்ளிட்ட வாகனங்களுக்கு விலக்கு கிடைத்தது. பூட்டை உடைக்க அனுமதி உண்டு, ஆனால் சாவியைக் கொடு என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அதனால் சில விவசாயிகள் உக்ரைன் பக்கத்திலிருந்து வந்த திருட்டு சாஃப்ட்வேரைத் தேடிப் போனதாக 2017-ல் செய்திகள் வந்தன.

நிறுவனங்களின் வாதத்தையும் சொல்லவேண்டும். மென்பொருளைத் திறந்துவிட்டால் புகைக் கட்டுப்பாட்டையும் பாதுகாப்பு அமைப்புகளையும் மாற்றிவிடுவார்கள் என்பது அவர்களின் கவலை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வாங்கியவரையே வெளியே நிறுத்துவதுதான் ஒரே வழியா?

2023 ஜனவரியில் ஜான் டீர் நிறுவனமும் அமெரிக்க விவசாயிகள் கூட்டமைப்பு ஒன்றும் பழுதுபார்ப்புக் கருவிகளும் தகவல்களும் தருவது பற்றி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதே ஆண்டு கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களுக்கான பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அது 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், பழுதுபார்க்கும் சந்தையைத் தன் கையில் வைத்துக்கொண்டதாகக் கூறி ஜான் டீர் மீது வழக்குத் தொடர்ந்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது.

முடிவாக...

தஞ்சை, திருவாரூர் பக்கம் அறுவடை முடிந்த வயல்களிலும் இப்போது சிறிய பேலர்கள் வைக்கோலைச் சுருட்டிப் போடுகின்றன. ஆள் பற்றாக்குறை அங்கேயும் அதே காரணம். எனவே இதை அமெரிக்காக்காரன் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஓர் இயந்திரத்தின் விலையை அதன் பில் மட்டும் சொல்வதில்லை. மேகம் திரண்டு வரும் சாயங்காலத்தில், வயல் நடுவே அது நின்றுபோனால், பணம் கொடுத்து வாங்கியவரே அதைத் திறந்து பார்க்க முடியுமா என்பதிலும் அந்த விலை அடங்கியிருக்கிறது. வெர்மியரின் இயந்திரம் ஒரு தனி மனிதனை வேலைக்காரர்களுக்காகக் காத்திருப்பதிலிருந்து விடுவித்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, அதே மனிதன் டீலரின் லேப்டாப்புக்காகக் காத்திருக்கிறான் என்றால், அந்த விடுதலையில் பாதி திரும்பப் பறிபோய்விட்டது என்றுதானே அர்த்தம்?