நோயாளி ஆசிரியரான கதை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 1861ஆம் ஆண்டில் எட்வர்ட் ஹிட்ச்காக் என்னும் மருத்துவரை உடல்நலப் பேராசிரியராக அமர்த்தியது. மாணவர் உடல்நலம் பேணுவது கல்லூரியின் கடமை என்னும் எண்ணம் அந்நாட்டில் உருப்பெற்றது அங்கேதான் என்பர். ஹிட்ச்காக் தம் மாணவர்தம் உயரம், எடை, மார்பின் சுற்றளவு ஆகியவற்றை அளந்து ஏடுகளில் குறித்து வைத்தார். அக்கல்லூரி அன்று ஆடவர்க்கே உரியது. அளக்கப்பட்ட உடலுக்கும் அதனுள் வாழ்பவரின் தன்னுணர்வுக்கும் இடையே பொருந்தாமை நேரலாம் என்பதற்கு அவ்வேடுகளில் இடமில்லை.

பிறப்பில் குறித்த பாலும் தாம் உணரும் பாலும் வேறுபடுவோரை இன்று தமிழில் திருநர் என்கிறோம். அன்னாரின் மருத்துவத்திற்கென 1966இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் தனி நிலையம் ஒன்றைத் திறந்தது. 1979இல் அங்கு அறுவை மருத்துவம் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே, ஹாரி பெஞ்சமின் பெயர் தாங்கிய பன்னாட்டுச் சங்கம் மருத்துவ நெறிமுறைகளை முதன்முதலாக வகுத்தது. உளநல வல்லுநரின் பரிந்துரைக் கடிதமே அந்நெறிகளில் நுழைவாயில். ஆதலால் இம்மருத்துவம் நெடுங்காலம் ஒருசில வல்லுநர்தம் தனித்துறையாகவே இருந்தது. கல்லூரி நலநிலையத்துப் பொது மருத்துவர் அதனைக் கற்க வேண்டிய தேவை எழவில்லை.

தேவையை உண்டாக்கியவர்கள் மாணவர்களே. 1996இல் அயோவா பல்கலைக்கழகம், பாலடையாளத்தின் பெயரால் எவரையும் வேறுபடுத்தலாகாது எனத் தன் விதிகளில் சேர்த்தது. பிற கல்லூரிகளும் பின்தொடர்ந்தன. விதி மாறிற்று, நலநிலையத்தில் அறிவு மாறவில்லை.

இக்குறையின் ஆழம் 2011இல் வெளிப்பட்டது. அமெரிக்க, கனடிய மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்தோர், விடையளித்த 132 கல்லூரிகளில் தன்பால் ஈர்ப்பினர், திருநர் ஆகியோரின் உடல்நலம் பற்றிய பாடத்திற்கு ஒதுக்கிய நேரத்தின் நடு அளவு, முழுப் படிப்பிலும் 5 மணி மட்டுமே எனக் கண்டனர். பள்ளியில் ஒரு வாரத்திற்குள் முடிந்துவிடும் பாடவேளை அது! அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில் 6,450 திருநர் விடை கூறினர். தம் மருத்துவத்தைப் பற்றித் தாமே மருத்துவருக்குக் கற்பிக்க நேர்ந்ததாக அவர்களுள் பாதிப்பேர் கூறினர். 19 விழுக்காட்டினர் மருத்துவம் மறுக்கப்பட்டவர்கள். அவமதிப்புக்கு அஞ்சி 28 விழுக்காட்டினர் சிகிச்சையைத் தள்ளிப்போட்டிருந்தனர். நோயுற்று வந்தவரே பாடம் நடத்தும் இந்நிலை எவ்வகுப்பறையிலும் கண்டிராத விந்தையன்றோ?

நெறிமுறைகளின் ஏழாம் பதிப்பும் 2011இல்தான் வந்தது. தக்க பயிற்சி பெற்ற பொது மருத்துவரே ஹார்மோன் மருத்துவம் அளிக்கலாம் என அது ஏற்றது. கல்லூரி மருத்துவர்க்கான பயிற்சி வகுப்புகள் வேகம் பெற்றது இதன் பின்னரே. அங்குக் கற்பிப்பன பெரும்பாலும் எளியவை. டெஸ்டோஸ்டிரோன் பெறுபவர்க்குக் குருதியின் செவ்வணு அளவையும், ஸ்பைரோனோலாக்டோன் உண்பவர்க்குப் பொட்டாசிய அளவையும் நோக்க வேண்டும். ஆடவராய் வாழ்பவரே எனினும் கருப்பைக் கழுத்து உள்ளவர்க்கு அதற்குரிய புற்றுநோய்ச் சோதனை வேண்டும். கை முறிந்து வந்தவரிடம் கையைப் பற்றித்தான் கேட்க வேண்டும். இதனையும் பாடமாக வைக்க வேண்டியிருந்தது.

மருத்துவர்க்கு மட்டும் கற்பித்தால் போதாது என்பதும் விரைவில் விளங்கிற்று. காத்திருப்போர் கூடத்தில் பழைய பெயரை உரக்க அழைக்கும் எழுத்தர் ஒருவரே மாணவரை வாயிலோடு திருப்பிவிடப் போதும். எனவே பதிவேட்டில் வழங்கு பெயருக்கு ஓர் இடம் ஒதுக்குவதும் பயிற்சியுள் அடங்கிற்று.

2019இல் உலகச் சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியல், திருநர் நிலையை உளநோய்ப் பகுதியினின்று நீக்கியது. எட்டாம் நெறிமுறைப் பதிப்பு 2022இல் கல்விக்கெனத் தனி இயலே வகுத்தது. ஆயினும் 2025 சனவரி 28இல், 19 வயது நிறையாதோரின் பால்மாற்ற மருத்துவத்திற்குக் கூட்டரசு ஆதரவை நிறுத்துமாறு அமெரிக்க அதிபரின் ஆணை பிறந்தது. அதனை எதிர்த்து வழக்குகளும் தொடுக்கப்பட்டன. கல்லூரியில் முதலாண்டு சேர்வோருள் மிகப் பலர் 18 வயதினர்.