பங்காளிக்குப் பெண்பால் என்ன?

காரைக்குடிக்குப் பக்கத்தில் நண்பர் ஒருவருக்கு நிலம் இருக்கிறது. ‘இருக்கிறது’ என்று அவர் சொல்கிறார். செம்மண் புஞ்சை, நாலு ஏக்கர் சில்லறை. இரண்டு பனைமரம், ஒரு பாழுங்கிணறு, மற்றதெல்லாம் சீமைக் கருவேலம். பட்டாவை வாங்கிப் பார்த்தேன். பதினோரு பெயர்கள்! அதில் ஆறு பேர் இப்போது உயிரோடு இல்லை.

‘‘இதுல உங்க இடம் எது?’’ என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்தார். ‘‘எல்லாமே நம்மதுதான். ஆனா, இதுதான் நம்மதுனு கை காட்ட முடியாது’’ என்றார்.

கூட்டுப்பட்டா என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சரியான விளக்கத்தை எந்த வக்கீலும் சொல்லிவிட முடியாது!

நான் படித்தது பி.காம். பார்ட்னர்ஷிப்பைக் கலைப்பதற்கு அங்கே ஒரு கணக்கு உண்டு. சொத்தை எழுது, கடனைக் கழி, மிச்சத்தைப் பங்கு போடு. இரண்டு பக்கமும் டேலி ஆனால் முழு மார்க். அந்தக் கணக்கு குடும்ப நிலத்தில் மட்டும் ஏன் டேலி ஆவதே இல்லை? இதற்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டாம். இதே சிவகங்கைச் சீமையின் கதையைக் கேட்டாலே போதும்.

சிவகங்கைச் சீமையே ஒரு பாகப்பிரிவினையில் பிறந்ததுதான், தெரியுமா? அதுவரை எல்லாம் ராமநாதபுரம் சேதுபதிகளின் ஆட்சி. 1730 வாக்கில் கட்டையத் தேவரும் நாலுகோட்டை சசிவர்ணத் தேவரும் தஞ்சாவூர் மராட்டிய மன்னரின் உதவியோடு பவானி சங்கரத் தேவரை வீழ்த்தினார்கள். ஜெயித்த பிறகு சீமையை ஐந்து பங்காக்கி, மூன்றைக் கட்டையத் தேவர் வைத்துக்கொண்டார். இரண்டு பங்கு சசிவர்ணருக்கு. அந்த இரண்டு பங்குதான் சிவகங்கை.

சசிவர்ணரின் மகன் முத்துவடுகநாதர் 1772-ல் காளையார்கோயிலில் கம்பெனிப் படையால் கொல்லப்பட்டதும், அவர் மனைவி வேலு நாச்சியார் 1780-ல் சீமையை மீட்டதும் உங்களுக்குத் தெரிந்த கதை. 1801-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட கம்பெனி, படமாத்தூர் கௌரி வல்லபத் தேவரை சிவகங்கையின் ஜமீன்தார் ஆக்கியது. அவருக்கு ஓய்யாத் தேவர் என்று ஓர் அண்ணன் இருந்தார். ஆனால், கம்பெனி ஜமீனைக் கொடுத்தது தம்பிக்கு.

இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகிற வழக்குக்கு இதுதான் வேர்.

ஜமீன் சாதாரண நிலம் மாதிரி இல்லை. ஆளுக்கொரு துண்டாக நறுக்க முடியாது. ஒரே ஒருவரிடம்தான் போகும். யார் அந்த ஒருவர்? 1829-ல் கௌரி வல்லபர் இறந்தபோது அவருடைய மனைவியரும் மகள்களும் இருந்தார்கள். ஆண் வாரிசு இல்லை. அண்ணன் வீட்டில் மகன்கள் இருந்தார்கள். அவ்வளவுதான்! ஜமீன் அண்ணன் வழிக்குப் போய்விட்டது. மனைவிமார்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

வழக்கின் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்றைய இந்து சட்டப்படி, பாகம் பிரியாத குடும்பத்தின் பொதுச் சொத்து என்றால், ஒருவர் மகன் இல்லாமல் இறந்ததும் அவர் பங்கு மற்ற ஆண் பங்காளிகளைச் சேரும். மனைவிக்கும் மகளுக்கும் சாப்பாடு, துணிமணி மட்டும்தான். அவரே சம்பாதித்த தனிச் சொத்து என்றால் கதை வேறு. மகன் இல்லாதபோது முதலில் மனைவிக்கு, அவருக்குப் பிறகு மகளுக்கு. சிவகங்கை ஜமீன் இந்த இரண்டில் எது?

‘அண்ணனும் தம்பியும் பாகம் பிரியவே இல்லை. அதனால் எங்களுக்குத்தான்’ என்றது அண்ணன் தரப்பு. ‘ஜமீன் பாட்டன் சொத்தா என்ன? கம்பெனி அவருக்கென்று கொடுத்தது. எங்களுக்குத்தான்’ என்றது மனைவியர் தரப்பு.

அண்ணனும் தம்பியும் பிரிந்துவிட்டார்களா, இல்லையா என்பதற்கே வருஷக்கணக்கில் வாதம் நடந்தது. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் சட்டென்று புரியும். நகரத்தார் வீடுகளில் கல்யாணமான மகனை ‘வேறு வைப்பது’ வழக்கம். தனி அறை, தனி அடுப்பு. ஆனால், வீடு என்னவோ எல்லோருக்கும் பொதுதான். அடுப்பு பிரிந்தால் சொத்து பிரிந்ததாகிவிடுமா? ஆகாது. பாத்தியதை வேறு, சமையல் வேறு!

மனைவியரில் ஒருவரான அங்கமுத்து நாச்சியார் விடாமல் போராடினார். இங்கே தோற்று, லண்டனில் உள்ள ப்ரிவி கவுன்சிலுக்கு அப்பீல் செய்தார். சூயஸ் கால்வாய் 1869-ல்தான் திறந்தார்கள். அதற்கு முன்பு காகிதக்கட்டு லண்டன் போய்ச் சேரவே வெகுநாளாகும். அப்பீல் நிலுவையில் இருக்கும்போதே அவர் இறந்துபோனார்.

பிறகு கௌரி வல்லபரின் மகள் கட்டம நாச்சியார் வழக்கைக் கையில் எடுத்தார். ‘இதெல்லாம் ஏற்கெனவே முடிந்துபோன விஷயம்’ என்று இங்குள்ள நீதிமன்றங்கள் அவரையும் திருப்பி அனுப்பின. அவரும் விடவில்லை. 1863 நவம்பரில் ப்ரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. குடும்பம் பாகம் பிரியாமலே இருந்தாலும் பரவாயில்லை, ஜமீன் அவருடைய தனிச் சொத்து. அது அண்ணன் வழிக்குப் போகாது, மகளுக்கே உரியது!

சட்டக் கல்லூரிகளில் ‘சிவகங்கை வழக்கு’ என்று இன்றைக்கும் பாடமாக இருக்கும் தீர்ப்பு இது.

1829-க்கும் 1863-க்கும் இடையே 34 வருஷம். வேலு நாச்சியார் வாளெடுத்து மீட்ட அதே சீமையில், ஒரு பெண்ணுக்கு அப்பா சொத்தில் உரிமை உண்டா என்று கேட்டுக்கொண்டு லண்டன் வரைக்கும் போக வேண்டியிருந்தது. அதோடும் முடியவில்லை. கட்டம நாச்சியார் காலத்துக்குப் பிறகு அடுத்து யார் என்று மறுபடியும் வழக்கு. 1881-ல் மறுபடியும் ப்ரிவி கவுன்சில்!

இத்தனை வருஷத்தில் யாராவது சங்கிலி பிடித்து நிலத்தை அளந்தார்களா? இல்லை. நிலம் எவ்வளவு என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பங்குதாரர் யார் என்பதில்தான் தகராறு. என் பி.காம். கணக்கு டேலி ஆகாததன் ரகசியம் இதுதான். பரீட்சையில் பார்ட்னர்கள் ஏ, பி, சி என்று கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள். குடும்பத்தில் அதைக் கண்டுபிடிப்பதுதான் கேள்வியே!

1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன்கள் போய், நிலம் அரசாங்கத்தின் ரயத்துவாரி கணக்குக்குள் வந்தது. உழுதவன் பேரில் பட்டா. அப்பா பெயரில் இருந்த பட்டா, மகன்கள் பெயரில் கூட்டுப்பட்டா ஆனது. பேரன்கள் வந்தபோது பெயர்கள் பெருகின. நிலம் மட்டும் அதே நாலு ஏக்கர்.

அதைத் தனித்தனியாக்குவதற்கு வழி இருக்கிறது. பங்குதாரர்கள் எல்லோரும் சம்மதித்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பிறகு உட்பிரிவுக்கு மனு. சர்வேயர் வந்து அளந்து, கல் நட்டு, புல வரைபடத்தில் கோடு போடுவார். 84/2 என்று ஒன்றாக இருந்த நம்பர் 84/2ஏ, 84/2பி என்று பிரியும். ஆளுக்கொரு தனிப்பட்டா. ஒருவர் முரண்டு பிடித்தால் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு. பிரிக்கவே முடியாத சொத்தாக இருந்தால், 1893-ம் வருஷத்துச் சட்டப்படி விற்றுப் பணமாகப் பங்கு போடவும் கோர்ட் உத்தரவிடலாம். எத்தனையோ கூட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்ததற்கு, பங்காளிகளுக்குள் ஒத்துப்போகாததும் ஒரு காரணம்.

இதையெல்லாம் நண்பரிடம் விலாவாரியாகச் சொன்னேன். உற்சாகமாகிவிட்டார். ‘‘பதினோரு பேர்ல அஞ்சு பேர் இருக்கோம், மத்த ஆறு பேருக்கும் பசங்க இருக்காங்க. எல்லாரையும் ஒருநாள் கூப்பிட்டுப் பேசி முடிச்சிடலாம்!’’

பட்டாவை மறுபடியும் ஒருமுறை பார்த்தேன். பதினொன்றும் ஆண்பிள்ளைப் பெயர்கள்.

‘‘உங்க அப்பாகூடப் பிறந்த பெண்கள் யாரும் இல்லையா?’’

‘‘ரெண்டு அத்தைங்க. ஒருத்தங்க தேவகோட்டைல இருக்காங்க. அவங்களுக்குத்தான் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சே...’’

‘‘தாத்தா எப்ப இறந்தார்?’’

‘‘எழுபத்தொண்ணுல.’’

1956 வாரிசுரிமைச் சட்டப்படியே, அந்தத் தாத்தாவின் பங்கில் மகள்களுக்கும் பங்கு உண்டு. 1989-ல் தமிழ்நாடு ஒரு படி மேலே போய், அன்றைக்குக் கல்யாணமாகாமல் இருந்த மகள்களைப் பிறப்பாலேயே பங்குதாரர் ஆக்கியது. 2005-ல் மத்திய அரசு அதைக் கல்யாணமான மகள்களுக்கும் சேர்த்தே கொடுத்தது. அந்தச் சட்டம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அத்தைகளை விட்டுவிட்டு எழுதுகிற பத்திரத்தை, நாளைக்கே அவர்களோ அவர்கள் பிள்ளைகளோ கோர்ட்டில் உடைக்கலாம்.

தமிழில் ‘பங்காளி’ என்றொரு சொல் இருக்கிறது. பங்கை ஆள்கிறவர். அண்ணன் தம்பி, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் எல்லோரும் பங்காளிகள். கூடப் பிறந்த பெண்ணை அப்படிக் கூப்பிட்டு யாராவது கேட்டிருக்கிறீர்களா? சட்டம் மாறிவிட்டது. அந்தச் சொல் இன்னும் மாறவில்லை.

உங்கள் ஊரிலும் ஒரு கூட்டுப்பட்டா இருக்கலாம். பிரித்துக்கொள்ளுங்கள், நல்லது. அண்ணன் தம்பி உறவுக்கும் அது நல்லது. ஆனால், சர்வேயருக்கு ஆள் அனுப்புவதற்கு முன்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தில் பெயர்களை எழுதுங்கள். அத்தைகளிலிருந்து ஆரம்பியுங்கள்.

நண்பர் தேவகோட்டைக்குப் போய்வந்தார். ‘‘அத்தை என்ன சொன்னாங்க?’’ என்று கேட்டேன்.

‘‘நிலமெல்லாம் வேணாம்ப்பா. என்னைக் கேக்கணும்னு உனக்காவது தோணுச்சேன்னாங்க’’ என்றவர், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்... ‘‘அவங்க வேணாம்னாலும், அவங்க பங்குக்குத் தனியா கல்லு நட்டுடலாம்னு இருக்கேன்.’’